எந்தக் கணிப்பை நம்பி ஏலம் கேட்பது? ஃபேன்டஸி பேஸ்பால் கணிப்பு முறைகளைச் சோதிக்க ஒரு வழிகாட்டி

மார்ச் மாதம் பிறந்தால் எங்கள் லீக்கில் ஆளுக்கொரு ஜோசியர் முளைத்துவிடுவார். ஒருவர் ஸ்டீமர் என்ற கணிப்பு முறையை விட்டு நகர மாட்டார். இன்னொருவருக்கு ஸிப்ஸ் சொன்னால் வேதவாக்கு. மூன்றாமவர் இரண்டையும் கேட்டுச் சிரித்துவிட்டு தி பேட் எக்ஸ் என்பார். ஏன் அதை நம்புகிறீர்கள் என்று கேட்டால் மூவரிடமும் ஒரே பதில்தான்: "போன வருஷம் ஒரு ஆளைப் பற்றிச் சொன்னது, அப்படியே நடந்தது." ஒரு ஆள்! இந்த முறைகள் ஒவ்வொரு வருடமும் நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்களுக்கு எண் போடுகின்றன. அதில் நாலு பேருக்காவது பலிக்காமல் போனால்தான் ஆச்சரியம்.

எந்த முறை எவ்வளவு சரி என்று நீங்களே ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்க்கலாம். கழித்தல், சராசரி, வர்க்கமூலம் இந்த மூன்றும் தெரிந்தால் போதும். கஷ்டமான பாகம் கணக்கு அல்ல; கணக்குப் போடும் முன் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்தான்.

ஆட்டத்துக்கே புதியவர்களுக்கு ஒரு சுருக்கம். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் தொடங்கியது இது. அவர்கள் சாப்பிடப் போன உணவகத்தின் பெயரால் 'ரொட்டிசரி' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்க பேஸ்பாலின் உச்ச அரங்கமான மேஜர் லீக்கில் நிஜமாக ஆடுகிறவர்களை ஏலத்தில் எடுத்து உங்கள் அணியாக வைத்துக்கொள்வீர்கள். களத்தில் அவர்கள் எடுப்பதெல்லாம் உங்கள் கணக்கில் சேரும். பரவலான வடிவத்தில் பேட்டிங்குக்கு ஐந்து பிரிவுகள்: ஹோம் ரன், ரன், ஆர்பிஐ (தன் ஆட்டத்தால் அணிக்கு வரவைத்த ரன்), ஸ்டோலன் பேஸ் (யாரும் அடிக்காமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பது), பேட்டிங் ஆவரேஜ். பந்துவீச்சுக்கு ஐந்து: வெற்றி, சேவ் (முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக்கொடுப்பது), ஸ்ட்ரைக் அவுட், ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன்), விப் (ஒரு இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ஹிட், வாக்). வழக்கமான ஏலத்தில் அணிக்கு 260 டாலர், 23 ஆட்கள். ஆக, சீசன் தொடங்கும் முன்பே யார் எவ்வளவு எடுப்பார் என்று உங்களுக்கு ஒரு மதிப்பீடு வேண்டும்.

போட்டியில் இருப்பவர்கள்

பெகோட்டாவை உருவாக்கியவர் நேட் சில்வர். பின்னாளில் தேர்தல் கணிப்பால் பிரபலமானாரே, அவரேதான். பேஸ்பால் பிராஸ்பெக்டஸ் அதை 2003 முதல் வெளியிடுகிறது. பில் பெகோட்டா என்ற சாதாரண இன்ஃபீல்டரின் பெயரை வைத்துக்கொண்டு, அதற்குப் பொருத்தமாக ஒரு நீண்ட ஆங்கில விரிவாக்கத்தையும் தேடிப் பிடித்தார்கள். பழைய ஆட்டக்காரர்களில் இவரைப் போல இருந்தவர்கள் யார், அவர்கள் இந்த வயதுக்குப் பின் எப்படி ஆடினார்கள் என்று பார்ப்பது அதன் அடிப்படை யோசனை. ஸிப்ஸ், டான் ஷிம்போர்ஸ்கியுடையது. ஸ்டீமர், ஜாரெட் கிராஸ் என்ற பள்ளி ஆசிரியர் தன் முன்னாள் மாணவர்கள் இருவரோடு சேர்ந்து தொடங்கியது. தி பேட், தி பேட் எக்ஸ் இரண்டும் டெரெக் கார்ட்டியுடையவை. எக்ஸ் வடிவம், பந்து மட்டையிலிருந்து எவ்வளவு வேகத்தில், எந்தக் கோணத்தில் கிளம்பியது என்ற ஸ்டாட்காஸ்ட் தரவையும் சேர்த்துக்கொள்கிறது. ஏரியல் கோஹனின் ஏடிசி சொந்தமாக எதையும் கணிப்பதில்லை. மற்றவர்களின் கணிப்புகளுக்கு எடை போட்டுச் சராசரி எடுக்கிறது.

கடைசியாக மார்செல். டாம் டேங்கோ வேண்டுமென்றே எளிமையாக அமைத்த முறை. ஒரு குரங்கின் பெயரைத்தான் வைத்தார். குரங்குகூடப் போடக்கூடிய கணக்கு என்று அர்த்தம். உங்கள் சோதனையில் இதுதான் அளவுகோல். ஒரு முறை எவ்வளவு நவீனமாக இருந்தாலும் சரி, மார்செலைத் தாண்டவில்லை என்றால் அதற்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

மார்செலை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். ஒரு ஆளுக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் மற்ற முறைகள் எல்லாம் எதைச் சுற்றி வருகின்றன என்று புரிந்துவிடும்.

வான் சோட்டோவை எடுத்துக்கொள்வோம். 2022-ல் 664 தடவை மட்டை பிடிக்க வந்து 27 ஹோம் ரன் அடித்தார். 2023-ல் 708 தடவைக்கு 35. 2024-ல் 713 தடவைக்கு 41. (மட்டை பிடிக்க வந்த தடவைகளை இனி பிஏ என்றே எழுதுகிறேன், அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.) 2025-க்கு என்ன சொல்லலாம்?

மார்செல் சமீபத்திய ஆண்டுக்கு 5, அதற்கு முந்தையதற்கு 4, அதற்கும் முந்தையதற்கு 3 என்று எடை கொடுக்கும். ஹோம் ரன்: 5×41, 4×35, 3×27, கூட்டினால் 426. பிஏவையும் அதே எடையில் கூட்டினால் 8,389. அப்புறம் முக்கியமான ஒரு காரியம்: லீக்கின் சராசரி ஆட்டக்காரர் ஒருவர் ஆடிய 1,200 பிஏவை இதோடு கலக்கும். லீக் சராசரி நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று ஹோம் ரன், எனவே 36. இப்போது 462-ஐ 9,589-ஆல் வகுத்தால் நூறு பிஏவுக்கு 4.82. சோட்டோவுக்கு 26 வயது. 29-க்குக் குறைவான ஒவ்வொரு வயதுக்கும் 0.6 சதவீதம் ஏற்றினால் 4.9.

எத்தனை பிஏ ஆடுவார்? போன ஆண்டில் பாதி, அதற்கு முந்தைய ஆண்டில் பத்தில் ஒன்று, அதோடு 200. அதாவது 356.5 + 70.8 + 200 = 627. இதை 4.9-ஓடு பெருக்கி நூறால் வகுத்தால் கிட்டத்தட்ட 31 ஹோம் ரன்.

சோட்டோ அடித்தது 43.

பன்னிரண்டு குறைத்துச் சொல்லிவிட்டது, குரங்குக் கணக்கு குரங்குக் கணக்குதான் என்று சிரிக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள், இதே எண்ணுக்குத் திரும்பி வருவோம்.

கணிப்புகளைத் தேதி போட்டுப் பூட்டி வையுங்கள்

சீசன் முதல் ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு முறையின் எண்களையும் இறக்கி, கோப்பின் பெயரிலேயே தேதியைப் போட்டுச் சேமியுங்கள். பிறகு அதைத் தொடாதீர்கள்.

இது அற்பமாகத் தெரியும். முதல் வருடம் நான் இதைச் செய்யவில்லை. சீசன் முடிந்து அக்டோபரில் உட்கார்ந்து, அப்போது திரையில் இருந்த எண்களை எடுத்து ஒப்பிட்டேன். எல்லா முறைகளும் அற்புதமாகக் கணித்திருந்தன. ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பிச் சொல்லாத குறை. மறுநாள்தான் புரிந்தது: இந்த முறைகளில் பல சீசன் நடக்க நடக்கத் தங்கள் எண்களைத் திருத்திக்கொண்டே போகின்றன. நான் ஒப்பிட்டது கணிப்பையும் விளைவையும் அல்ல. பரீட்சை முடிந்தபின் எழுதிய விடைத்தாளை.

பெயர்ப் பட்டியலையும் முன்பே எடுங்கள்

இங்கேதான் அனுபவசாலிகளும் வழுக்குவார்கள். சீசன் முடிந்தபின், "502 பிஏ தாண்டியவர்களை மட்டும் பார்ப்போம்" என்று வடிகட்டுவது வழக்கம். பேட்டிங் பட்டத்துக்கு ஆட்டத்துக்கு 3.1 என்ற கணக்கில் 162 ஆட்டத்துக்கு அவ்வளவுதான் வேண்டும், அதனால் அந்த எண் கைக்கு வந்துவிடும். ஆனால் அடிபட்டவர்கள், ஃபார்ம் போய் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், மைனர் லீக்குக்கு அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் அந்த வடிகட்டியில் காணாமல் போவார்கள். மிஞ்சுவது நன்றாக ஆடியவர்கள் மட்டும். எல்லோரையும் தாராளமாகப் புகழ்ந்த முறை ஜெயித்துவிடும்.

மார்ச்சில் லீக்குகள் ஆட்களை எடுக்கும் சராசரி வரிசை கிடைக்கும், ஏடிபி என்பார்கள். அதில் முதல் 250 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் வரை அதே 250. ஒரு முறை ஒருவருக்கு எண்ணே தரவில்லை என்றால் அவரை எல்லா முறைகளிலிருந்தும் நீக்குங்கள், அல்லது தராத இடத்தில் மார்செலின் எண்ணைப் போடுங்கள். எதைச் செய்தாலும் எல்லோருக்கும் ஒரே விதி.

புதுமுகங்களைத் தனி தாளில் வையுங்கள். மேஜர் லீக்கில் ஆடியே இராதவருக்கு மார்செல் லீக் சராசரியைத்தான் போடும். மைனர் லீக், ஜப்பான் எண்களை அது பார்ப்பதில்லை. ஸிப்ஸும் ஸ்டீமரும் அவற்றை மேஜர் லீக் அளவுக்கு மாற்றிக் கணிக்கின்றன. அவர்கள் சம்பாதிக்கும் இடம் அதுதான். எல்லோரையும் ஒரே குழம்பில் போட்டால் அந்த ருசி தெரியாது.

இன்னொரு தொல்லை: பெயர்கள். அகூன்யா, ஹெர்னாண்டஸ் போன்ற ஸ்பானியப் பெயர்களின் எழுத்துக்குறிகள் ஒரு கோப்பில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. 'ஜூனியர்' வரும், போகும். மேக்ஸ் மன்சி என்று இரண்டு பேர் இருக்கிறார்கள்; ஒருவர் டாட்ஜர்ஸ் அணி, மற்றவர் அத்லெடிக்ஸ் அணி. இருவர் பிறந்ததும் ஆகஸ்ட் 25. கடவுளுக்கு இது தேவையா என்று தெரியவில்லை. பெயரை வைத்து வரிசைகளை இணைக்காதீர்கள். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஓர் அடையாள எண் இருக்கிறது, அதை வைத்து இணையுங்கள்.

ஆடிய அளவு வேறு, ஆடிய விதம் வேறு

இப்போது சோட்டோவிடம் திரும்புவோம். மார்செல் அவருக்கு 627 பிஏ என்றது. அவர் ஆடியது 715. மார்செல் சொன்ன 4.9-ஐ அந்த 715-க்குப் போட்டால் 35 ஹோம் ரன். அதாவது 12 பிழையில் நான்கு, எத்தனை தடவை வருவார் என்பதில் வந்தது. எவ்வளவு பலமாக அடிப்பார் என்பதில் வந்தது எட்டு.

இதற்கு நேர் எதிராக ரொனால்ட் அகூன்யா. 2023-ல் 41 ஹோம் ரன், 73 ஸ்டோலன் பேஸ் என்று ஒரு ராட்சச சீசன். 2024-க்கு மார்செல் போட்டுப் பார்த்தால் 621 பிஏவில் 29 ஹோம் ரன் வரும். அந்த மே மாதம் பிட்ஸ்பர்க்கில் முழங்கால் தசைநார் கிழிந்து அவர் சீசன் முடிந்தது: 222 பிஏ, நான்கு ஹோம் ரன். பிழை 25. ஆனால் மார்செலின் வேகத்தில் அந்த 222 பிஏவுக்கு வர வேண்டியது 10 ஹோம் ரன்தான். 25-ல் 19 முழங்காலுக்குச் சேரும். பேட்டிங்கை மதிப்பிட்டதில் வந்த பிழை வெறும் 6.

இரண்டையும் பிரிக்காமல் பார்த்தால் அகூன்யா கணிப்பு படுதோல்வி, சோட்டோ கணிப்பு சுமார். பிரித்துப் பார்த்தால் பேட்டிங்கை மதிப்பிட்டதில் அகூன்யாவிடம்தான் குறைவான தவறு. ஆகவே உங்கள் தாளில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இரண்டு நெடுவரிசை வேண்டும்: கணித்த பிஏவுக்கும் ஆடிய பிஏவுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று, கணித்த விகிதத்தை ஆடிய பிஏவோடு பெருக்கி வந்த எண்ணுக்கும் நிஜ எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் மற்றொன்று.

எனக்கு இந்தப் பிரிப்புதான் முழுச் சோதனையிலும் முக்கியம். விகிதத்தில் பெரிய முறைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே நிற்கும். பிஏவில்தான் இடைவெளி திறக்கும், அதைக் கணிப்பதில் கணினிக்குப் பெரிய அனுகூலமும் கிடையாது. மூன்றாவது பேஸுக்கு யார், யாருக்கு முதுகுவலி, மானேஜர் யாரை எட்டாவதாக இறக்குகிறார் என்று செய்தி படிக்கிற மனிதனுக்கே அங்கே கை ஓங்கும். ஃபேன்கிராஃப்ஸ் இணையதளத்தின் டெப்த் சார்ட்ஸ் என்ற கணிப்பு அதனால்தான் ஸ்டீமர், ஸிப்ஸ் விகிதங்களைக் கலந்து, ஆடும் நேரத்தை மட்டும் ஆட்களை வைத்து நிரப்புகிறது.

லீக்கே மாறிய ஆண்டுகள்

2022-ல் மேஜர் லீக் முழுவதும் 2,486 ஸ்டோலன் பேஸ். 2023-ல் 3,503. பேஸின் அகலத்தை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கினார்கள், பந்துவீசும் பிட்சருக்கு நேரக் கெடு வைக்கக் கடிகாரம் வைத்தார்கள், ஓடத் துடிப்பவரை அடக்கப் பிட்சர் திரும்பத் திரும்பப் பந்தெறிவதற்கும் வரம்பு வைத்தார்கள். பழைய எண்களை வைத்து வளர்ந்த கணிப்புகளுக்கு அது சோதனையான வருடம்.

ஆனால் ஏலத்தில் உங்களுக்கு அது எவ்வளவு நஷ்டம்? எல்லோருக்கும் ஒரே அளவு குறைத்துச் சொன்ன முறை, யார் யாரைவிட அதிகம் ஓடுவார் என்பதைச் சரியாகச் சொல்லியிருக்கலாம். அதனால் ஒவ்வொரு முறையின் சராசரியையும் நிஜச் சராசரிக்குச் சமமாக்கிவிட்டுப் பிழையை அளங்கள். சராசரி 8 என்று சொன்ன இடத்தில் நிஜம் 10 என்றால், அந்த முறையின் எல்லா எண்களையும் 1.25-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 60 ஆட்டங்களே நடந்த 2020-ஐ நான் சோதனையில் சேர்ப்பதே இல்லை.

பிழையை எப்படிக் கூட்டுவது

வித்தியாசங்களின் குறியை விட்டுவிட்டுச் சராசரி எடுப்பது ஒரு வழி. சோட்டோ 12, அகூன்யா 25 என்றால் 18.5. வித்தியாசங்களை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து வர்க்கமூலம் காண்பது இன்னொரு வழி, அதில் 19.6 வரும். இரண்டாவது வழி பெரிய தவறுகளை அதிகம் தண்டிக்கும். அகூன்யா போல் நாலு முழங்கால் கிழிந்தால் அந்த எண் முழுக்க அவர்களாலேயே ஆனதாகிவிடும். எனவே தொடங்குகிறவர்களுக்கு நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

கோரிலேஷன் என்ற ஒட்டுறவு எண்ணையும் பலர் போடுவார்கள். அது மட்டும் போதாது. எல்லோருக்கும் நிஜத்தைப் போல இரண்டு மடங்கு ஹோம் ரன் சொன்ன முறைக்கும் அதில் முழு மதிப்பெண் கிடைத்துவிடும்.

பேட்டிங் ஆவரேஜுக்கும் ஈஆர்ஏவுக்கும் ஆடிய அளவை எடையாகப் போடுங்கள். கடைசி இன்னிங்ஸை முடித்துக்கொடுக்க வருகிற, 60 இன்னிங்ஸ் வீசிய க்ளோசரின் ஈஆர்ஏ பிழையும் 180 இன்னிங்ஸ் வீசியவரின் பிழையும் உங்கள் அணிக்கு ஒன்றல்ல. பிட்சர்களில் ஸ்ட்ரைக் அவுட்டை வைத்து முறைகளை மதிப்பிடுங்கள், அது திறமையைக் காட்டும். வெற்றி, சேவ் இரண்டையும் வைத்து மதிப்பெண் போடுவது வீண். முதலாவது அவருடைய அணி எத்தனை ரன் எடுக்கிறது என்பதில் இருக்கிறது. இரண்டாவது, ஒன்பதாவது இன்னிங்ஸில் யாரைக் கூப்பிடுவது என்ற மானேஜரின் மனதில்.

யார் ஜெயித்தது என்று சொல்லும் முன்

இப்போது உங்கள் தாளில் ஏதோ ஒரு முறை முதலிடத்தில் இருக்கும். கொண்டாடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. ஒருவரின் உண்மையான திறமை .270 என்று கடவுளே வந்து சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 600 தடவை அடிக்க விட்டால், வெறும் அதிர்ஷ்டத்தாலேயே அவர் ஆவரேஜ் 18 புள்ளி மேலேயோ கீழேயோ ஆடும். மூன்று சீசனில் இரண்டில் .252-க்கும் .288-க்கும் நடுவில் இருப்பார், ஒன்றில் வெளியே போவார். கடவுளின் கணிப்புக்கே இந்தக் கதி. சோட்டோவையே பாருங்கள்: மூன்று ஆண்டுகளில் 6, 12, 7 ஸ்டோலன் பேஸ் எடுத்தவர் 2025-ல் 38 எடுத்தார். பழைய எண்களை எப்படிப் பிசைந்தாலும் அதிலிருந்து 38 வராது.

முதலிடம் உண்மையா, அதிர்ஷ்டமா என்று பார்க்க ஒரு குலுக்கல் இருக்கிறது. 250 பேரைச் சீட்டில் எழுதிப் போட்டு, ஒன்றை எடுத்துக் குறித்துவிட்டுத் திரும்ப உள்ளே போடுங்கள். இப்படி 250 தடவை. சிலர் இரண்டு மூன்று முறை வருவார்கள், சிலர் வரவே மாட்டார்கள். அந்தப் பட்டியலில் இரண்டு முறைகளையும் மறுபடி ஒப்பிடுங்கள். இதை ஆயிரம் தடவை செய்யச் சொல்லி ஸ்ப்ரெட்ஷீட்டிடம் விட்டுவிடலாம். ஆயிரத்தில் 950 தடவை ஒரே கணிப்பு முறை ஜெயித்தால் விஷயம் இருக்கிறது. 600 என்றால், காசு சுண்டிப் போட்டதைவிடக் கொஞ்சம் மேல். ஒரு சீசனை வைத்துச் செய்தால் பெரும்பாலும் இரண்டாவது மாதிரிதான் வரும். குறைந்தது மூன்று சீசனைச் சேர்த்துப் பாருங்கள்.

இதைத் தாண்டி, ஏலத்தில் காசாகும் சோதனை ஒன்று உண்டு. உங்கள் போட்டி முறைகளோடு அல்ல, உங்கள் லீக்கில் ஏலம் கேட்கும் மற்றவர்களோடு. எல்லோரும் சொல்வதையே ஒரு முறையும் சொன்னால் அது சரியாக இருந்தாலும் உங்களுக்கு லாபம் இல்லை. அதே விலைக்குத்தான் எடுப்பீர்கள். ஆகவே ஏடிபி வரிசையிலிருந்து ஒவ்வொரு கணிப்பு முறையும் அதிகம் விலகிய 40 பேரை மட்டும் தனியாக எடுங்கள். அவர்களில் எத்தனை பேருக்கு முறை சரி, எத்தனை பேருக்குச் சந்தை சரி? மொத்தப் பட்டியலில் மூன்றாவதாக வந்த முறை இங்கே முதலாவதாக வருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏலத்துக்கு எதை எடுத்துப் போவது

சராசரியைத்தான். ஒவ்வொரு கணிப்பு முறையும் வேறு வேறு இடத்தில் தப்பு செய்கிறது. கூட்டி வகுத்தால் தப்புகள் ஒன்றையொன்று தின்றுவிடும். ஏடிசி பல ஆண்டுகளாக நல்ல பெயரோடு இருப்பதன் ரகசியம் இதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நீங்களே கலக்கும்போது ஒரே சரக்கை இரண்டு தடவை போடாதீர்கள். ஸ்டீமர், ஸிப்ஸ், டெப்த் சார்ட்ஸ் மூன்றையும் சேர்த்தால் மூன்று கருத்து கிடைத்த மாதிரி இருக்கும். மூன்றாவது முதலிரண்டின் கலவை. ஏடிசியை எடுத்தால் அதற்குள் இருப்பவற்றை மறுபடி சேர்க்க வேண்டாம்.

விகிதங்களை அந்தச் சராசரியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பிஏ நெடுவரிசையை மட்டும் உங்கள் கையால் நிரப்புங்கள். ஏலத்துக்கு முந்தைய இரவு திறந்து வைத்திருக்க வேண்டியதும் அந்த ஒன்றைத்தான். அரிசோனாவிலிருந்தோ ஃபுளோரிடாவிலிருந்தோ பயிற்சி முகாமில் ஒருவருக்குத் தொடைத்தசை இழுத்துக்கொண்டது என்று செய்தி வந்தால், திருத்த வேண்டிய கட்டம் அங்கேதான் இருக்கிறது.